அம்பு ஏன் நேராக மேலே போகிறது: பிராங்க்-காண்டன் கொள்கைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாயந்திரம் வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கமிருந்து எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். நிறமாலை பாடம் ஆரம்பித்தால் வருஷா வருஷம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "அக்கா, கீழ ஒரு கிண்ணம், மேல ஒரு கிண்ணம் வரையுறோம். மேல் கிண்ணம் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருக்கு. அப்ப அம்பு அதோட அடிப்பக்கத்துக்குச் சாய்வா போனாத்தானே சரி? ஏன் நேரா மேல போடுறோம்?"

அருமையான கேள்வி. கிண்ணம் என்பது அணுக்களின் இடைவெளி மாறும்போது மூலக்கூறின் ஆற்றல் எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைகோடு: கீழே இருப்பது சாதாரண நிலை, மேலே இருப்பது ஒளியை வாங்கிய நிலை, அம்பு என்பது எலக்ட்ரானின் தாவல். அந்தத் தாவலின்போது அணுக்களின் இடைவெளி மாறாது என்பதுதான் பிராங்க்-காண்டன் கொள்கை. இதற்கு "எலக்ட்ரான் வேகம், அணுக்கரு மெதுவு" என்று ஒரு வரி எழுதினால் இரண்டு மார்க் கிடைத்துவிடும், ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு நிறமாலையைக்கூடப் படிக்க முடியாது. அம்பு நேராகப் போவதன் காரணத்தைக் கையால் வரைந்து, கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டால், அயோடின் ஆவி ஏன் ஊதாவாக இருக்கிறது, சில மூலக்கூறுகளுக்கு ஒரே ஒரு கூர்மையான கோடும் சிலவற்றுக்கு நீண்ட வரிசையும் ஏன் வருகிறது, ஒளிரும் பொருள் வாங்கிய ஒளியைவிட நீண்ட அலைநீளத்தில் ஏன் திருப்பித் தருகிறது என்று எல்லாமே அதிலிருந்து வந்துவிடும். கிராஃப் தாள், பென்சில், சயின்டிஃபிக் கால்குலேட்டர் மூன்றும் போதும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கட்டம் 1: கனத்தை ஒப்பிடுங்கள்

ஒரு புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம். அயோடின் அணு என்றால் சுமார் 2,31,000 மடங்கு. இழுக்கிற மின்விசை இரண்டுக்கும் ஒரே அளவுதான், அதனால் லேசானது பறக்கும், கனமானது நிதானமாக அசையும்.

இதை நேரமாக மாற்றிப் பாருங்கள். அயோடின் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் ஒரு முறை விலகி மறுபடி நெருங்கி வர 155 ஃபெம்டோவினாடி ஆகும் (ஒரு ஃபெம்டோவினாடி என்பது 10⁻¹⁵ வினாடி). அது விரும்பி உறிஞ்சும் பச்சை ஒளி ஒரு முறை அலைந்து முடிக்க 1.7 ஃபெம்டோவினாடிதான். அணுக்கள் ஒரு தடவை ஆடி முடிப்பதற்குள் ஒளி 90 தடவை ஆடிவிடுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறுதான் அதிர்வில் மிக வேகமானது, அதற்கே ஓர் ஆட்டத்துக்கு 7.6 ஃபெம்டோவினாடி வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "எலக்ட்ரான் தாவ 10⁻¹⁵ வினாடி ஆகும்" என்று நோட்ஸில் எழுதியிருக்கும். அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நானோவினாடிக்கணக்கில் நீளும் லேசர் துடிப்பை வைத்துக் கிளப்பினாலும் இதே விதிதான் பொருந்துகிறது. விஷயம் என்னவென்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளி பிடித்து ஆட்டுவது எலக்ட்ரானைத்தான். கனத்த அணுக்கரு இருக்கிற இடத்தையும் சரி, அதன் உந்தத்தையும் சரி, அந்தத் தாவல் நேரடியாக மாற்றுவதில்லை. உந்தம் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள், முக்கால்வாசிப் பேர் இடத்தை மட்டும் சொல்லிவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள்.

ஜேம்ஸ் பிராங்க் 1925-இல் இந்தப் படத்தைச் சொன்னார். எட்வர்ட் காண்டன் 1926-இல் அதை நிறமாலைகளுக்குப் பொருத்திக் காட்டி, 1928-இல் குவாண்டம் கணக்காக எழுதினார். நடுவில் 1927-இல் பார்னும் ஓப்பன்ஹைமரும் அணுக்கருக்களை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு எலக்ட்ரான் கணக்கைத் தனியாகப் போடலாம் என்று காட்டினார்கள். நாம் வரையப்போகும் கிண்ணம் அப்படி வந்ததுதான்: இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வோர் இடைவெளிக்கும் கிடைக்கிற ஆற்றலைப் புள்ளி வைத்து இணைத்தால் ஒரு வளைகோடு.

கட்டம் 2: கிண்ணங்களை வரையுங்கள்

கிடை அச்சில் அணுக்களுக்கு இடையிலான தூரம், 2.2-லிருந்து 4 ஆங்ஸ்ட்ராம் வரை (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது 10⁻¹⁰ மீட்டர்). நிமிர் அச்சில் ஆற்றல். கீழ்க் கிண்ணத்தின் அடி 2.67 ஆங்ஸ்ட்ராமில் வர வேண்டும், இது அயோடினின் அடிநிலை. மேல் கிண்ணத்தின் அடி 3.02 ஆங்ஸ்ட்ராமில், கீழ்க் கிண்ணத்தின் அடியிலிருந்து சுமார் 15,770 செ.மீ.⁻¹ உயரத்தில் (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை என்று ஆற்றலைச் சொல்லும் அலகு இது). ஏன் வலப்பக்கம் தள்ளுகிறது என்றால், மேலே போன எலக்ட்ரான் பிணைப்பைப் பலவீனமாக்கும் ஆர்பிட்டலில் போய் உட்காருகிறது, பிணைப்பு தளர்கிறது, நீளம் கூடுகிறது. அதே காரணத்தால் மேல் கிண்ணம் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். அதிர்வு எண் கீழே 214 செ.மீ.⁻¹, மேலே 126 மட்டும்.

இரண்டு கிண்ணத்தின் வலப்பக்கமும் நிமிர்ந்துகொண்டே போகக் கூடாது, போகப்போகச் சாய்ந்து மட்டமாகிவிட வேண்டும், ஏனென்றால் அங்கே மூலக்கூறு இரண்டாகப் பிரிந்துவிடும். உள்ளே அதிர்வுப் படிகளைக் கிடைக்கோடுகளாகப் போடுங்கள், 0, 1, 2 என்று. மேலே போகப்போகக் கோடுகள் நெருங்க வேண்டும்.

கட்டம் 3: காசிமேட்டுக்குப் போய் ஐஸ் ஏற்றுவதைப் பாருங்கள்

நான் சொல்கிற எந்த உதாரணமும் பிள்ளைகள் மனதில் இதைப்போல நின்றதில்லை. ஜூன் 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடியும். அதை ஒட்டி காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாக ஐஸ் ஏற்றிக்கொண்டு நிற்கும். படகு காலியாக இருக்கும்போது ஒரு மட்டத்தில் மிதக்கும். சரக்கு ஏறினால் அதைவிடக் கீழே ஒரு மட்டத்தில் மிதக்க வேண்டும். ஐஸைக் கூடை கூடையாக மெதுவாக இறக்கினால் படகு சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புது மட்டத்துக்கு வந்துவிடும், ஆட்டமே இருக்காது. அதே எடையைத் தொப்பென்று ஒரே நேரத்தில் வைத்தால்? வைத்த அந்தக் கணத்தில் படகு இன்னும் பழைய உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு உரிய மட்டம் கீழே போய்விட்டது. அதனால் படகு கீழே பாய்ந்து, புது மட்டத்தைத் தாண்டி இன்னும் கீழே போய், மறுபடி எழும்பி, புது மட்டத்தைச் சுற்றி ஆட ஆரம்பிக்கும்.

அவ்வளவுதான் விஷயம். படகின் உயரம் அணுக்களின் இடைவெளி. தொப்பென்று விழுந்த ஐஸ் எலக்ட்ரானின் தாவல். தாவல் முடிந்த கணத்தில் அணுக்கள் பழைய இடைவெளியிலேயே இருப்பதால்தான் அம்பு நேராக மேலே போகிறது. போய் மோதும் இடம் மேல் கிண்ணத்தின் அடி கிடையாது, அதன் இடப்பக்கச் சுவர். அங்கிருந்து மூலக்கூறு ஆட ஆரம்பிக்கிறது.

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வலைப்பையைத் தூக்கிப் போட்டால் படகின் மட்டம் மாறாது, ஆட்டமும் வராது. லாரி நிறைய ஐஸ் என்றால் பெரிய ஆட்டம். அதாவது இரண்டு கிண்ணங்களின் அடிகளும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ, தாவலுக்குப் பிறகு மூலக்கூறு அவ்வளவு பலமாக ஆடும்.

அப்புறம் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் ஆடுகிற படகில் காலை வைக்கிற நேரத்தைக் கவனியுங்கள். படகு ஏறி உச்சியில் ஒரு கணம் நிற்கும் பாருங்கள், அப்போதுதான் வைப்பார்கள். ஆடுகிற எதுவுமே திரும்புகிற இடத்தில்தான் அதிக நேரம் தங்கும், நடுவில் வேகமாகக் கடந்துவிடும். மேல் கிண்ணத்தில் உயரமான படிகளுக்கு இது அப்படியே பொருந்தும்: மூலக்கூறு சுவரோரமாகத்தான் அதிகம் தங்குகிறது. அம்பு வந்து சேரும் சுவரோரமும் அதுதான், இடமும் பொருந்துகிறது, அங்கே வேகம் பூஜ்யம் என்பதால் உந்தமும் பொருந்துகிறது.

கட்டம் 4: அம்பைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள்

படகு உதாரணம் ஓரிடத்தில் போதாது. கீழ்க் கிண்ணத்தின் 0-வது படியில் மூலக்கூறு அடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதில்லை. அடிமட்ட ஆற்றலிலும் ஒரு நடுக்கம் உண்டு, அதன் அலைச்சார்பு (வர்க்கமாக்கினால் எந்த இடைவெளியில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் வளைகோடு) நடுவில் உயர்ந்த ஒரு மேடுபோல இருக்கும். அந்த மேட்டின் அகலத்தைக் கணக்கிடுங்கள்: 16.86-ஐ, குறைத்த நிறையாலும் (இரண்டு அணு நிறைகளின் பெருக்கலை அவற்றின் கூட்டலால் வகுத்தது, அணுநிறை அலகில்) அதிர்வு எண்ணாலும் (செ.மீ.⁻¹-இல்) வகுத்தால் அகலத்தின் வர்க்கம் ஆங்ஸ்ட்ராம் வர்க்கத்தில் கிடைக்கும். அயோடினுக்குக் குறைத்த நிறை 63.45, அதிர்வு எண் 214.5. விடை 0.00124, வர்க்கமூலம் எடுத்தால் 0.035 ஆங்ஸ்ட்ராம். அதனால் ஒரே ஒரு கோட்டுக்குப் பதிலாக 2.67-ஐச் சுற்றி இரு பக்கமும் இந்த அகலத்துக்கு ஒரு தடித்த அம்பு போடுங்கள். அது சுவரில் பல படிகளைத் தொடும். நிறமாலையில் ஒரு கோட்டுக்குப் பதிலாக ஒரு வரிசை வருவது அதனால்தான்.

எந்தப் படிக்கு எவ்வளவு பலம் என்பதற்குக் காண்டன் தந்த விதி இது: கீழ் அலைச்சார்பையும் மேல் அலைச்சார்பையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, புள்ளிக்குப் புள்ளி பெருக்கிக் கூட்டி, வரும் தொகையின் வர்க்கத்தை எடுக்க வேண்டும். அதுதான் பிராங்க்-காண்டன் காரணி. ஒன்று மேலும் கீழுமாக நெளிந்து மற்றது நெளியாமல் இருந்தால் கூட்டலும் கழித்தலும் அடித்துக்கொண்டு பூஜ்யத்துக்கு அருகே போய்விடும்.

கட்டம் 5: கால்குலேட்டர்

இரண்டு கிண்ணங்களும் ஒரே வடிவம், இடம் மட்டும் தள்ளியிருக்கிறது என்று எளிமையாக வைத்துக்கொண்டால் கணக்கு மிகச் சுலபம். ஹுவாங்-ரைஸ் காரணி என்று ஒரே ஓர் எண் போதும், அதை எஸ் என்போம். கிண்ண அடிகளின் தள்ளலை வர்க்கமாக்கி, மேலே கண்ட அகல வர்க்கத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் எஸ். பிறகு:

0-வது படியின் பங்கு: இ-யின் (e, அதாவது 2.718) அடுக்கு கழித்தல் எஸ்.
அடுத்த ஒவ்வொரு படிக்கும்: முந்தைய பங்கை எஸ்-ஆல் பெருக்கி, அந்தப் படியின் எண்ணால் வகுக்கவும்.

எல்லாவற்றையும் கூட்டினால் 1 வரும். வராவிட்டால் எங்கேயோ தப்பு.

நைட்ரஜனில் போட்டுப் பாருங்கள். ஓர் எலக்ட்ரானை அடித்து வெளியேற்றினால் (இங்கே மேல் கிண்ணம் மிஞ்சும் அயனியினுடையது) பிணைப்பு நீளம் 1.0977-இலிருந்து 1.1164 ஆங்ஸ்ட்ராம் ஆகிறது, அவ்வளவுதான் மாற்றம், ஏனென்றால் போன எலக்ட்ரான் பிணைப்பில் பெரிதாகப் பங்கெடுக்காதது. குறைத்த நிறை 7, அதிர்வு எண் 2359. எஸ் 0.09-க்குக் கொஞ்சம் கீழே வரும். 0-வது படிக்கு 0.92, அடுத்ததற்கு 0.08, முடிந்தது. ஒளிஎலக்ட்ரான் நிறமாலையில் ஒரே ஓர் உயரமான கோடும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடுமாக இதை அப்படியே பார்க்கலாம். வலைப்பை போட்ட படகு இது.

இப்போது ஹைட்ரஜன். அதன் பிணைப்பே இரண்டு எலக்ட்ரான்கள்தான், அதில் ஒன்றைப் பிடுங்கினால் பாதி பிணைப்பு போய்விடுகிறது. நீளம் 0.741-இலிருந்து 1.052-க்குத் தாவுகிறது. குறைத்த நிறை 0.504, அதிர்வு எண் 4401. எஸ் 3.2 அருகே வரும். பங்குகள்: 0.04, 0.13, 0.21, 0.22, 0.18 என்று நீளும். உண்மை நிறமாலையிலும் நீண்ட வரிசைதான், உச்சம் 2-வது படியை ஒட்டி. கிண்ணங்கள் ஒரே வடிவம் என்று நாம் பொய்யாக வைத்துக்கொண்டதற்கு இவ்வளவு நெருக்கமாக வந்தாலே எனக்குச் சந்தோஷம்.

கட்டம் 6: அயோடின் நிறமாலையைப் படியுங்கள்

தள்ளல் 0.359 ஆங்ஸ்ட்ராம் (துல்லியமாக 2.666-இலிருந்து 3.025), மேட்டின் அகலத்தைப் போல பத்து மடங்கு. எஸ் 26 வரும். 0-0 தாவலின், அதாவது கீழ் 0-வது படியிலிருந்து மேல் 0-வது படிக்குப் போவதன், பங்கை எடுத்துப் பாருங்கள், தசமப் புள்ளிக்குப் பிறகு 11 பூஜ்யம் போட்டுத்தான் 5 வரும். கிண்ணங்களின் வடிவம் வேறுபடுவதால் இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனாலும் 636 நானோமீட்டர் அருகே வர வேண்டிய 0-0 பட்டை பரிசோதனைச் சாலையில் கண்ணில் படவே படாது என்பது உறுதி. பலமான தாவல்கள் மேல் கிண்ணத்தில் 30-ஐத் தாண்டிய படிகளுக்குப் போகின்றன, அலைநீளத்தில் 520 நானோமீட்டரை ஒட்டி. அது பச்சை. பச்சையை எடுத்துக்கொண்டால் மிச்சம் சிவப்பும் நீலமும். சூடான குடுவையில் ஊதா ஆவி தெரிவதற்குக் காரணம் இந்த 0.359 ஆங்ஸ்ட்ராம்தான். தள்ளல் இல்லாமல் இருந்திருந்தால் உறிஞ்சல் சிவப்புப் பக்கம் போயிருக்கும், ஆவியின் நிறமே வேறாக இருந்திருக்கும்.

பட்டைகள் 500 நானோமீட்டரை நெருங்க நெருங்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்து, 499 அருகே கோடுகள் மறைந்து தொடர்ச்சியாகிவிடும். கட்டம் 2-இல் வலப்பக்கம் மட்டமாக வரைந்தீர்களே, அந்த மட்டத்தை அம்பு தாண்டிவிட்டது, மூலக்கூறு உடைகிறது என்று அர்த்தம்.

இந்தப் பரிசோதனையில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன், நீங்கள் செய்யக் கூடாது. எம்.எஸ்சி. படிக்கும்போது 570-இலிருந்து 500 வரை கண்ணில் பட்ட பட்டைகளையெல்லாம் ஒரே வரிசை என்று எண்ணி எண் போட்டேன். வரைபடம் கோணலாக வந்தது, மூன்று நாள் ஏன் என்றே தெரியவில்லை. காரணம் வெப்பப் பட்டைகள். சென்னையில் மே மாதம் 35 டிகிரியில் வெப்ப ஆற்றலின் அளவு 214 செ.மீ.⁻¹, அயோடினின் அதிர்வு எண்ணும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் 0-வது படியில் 100 மூலக்கூறு இருந்தால் 1-வது படியில் 37 இருக்கும், அவையும் தங்கள் பங்குக்கு ஒரு வரிசையைக் கொண்டுவந்து இதோடு கலந்துவிடும். 545-க்குக் கீழே உள்ள பட்டைகளிலிருந்து ஆரம்பியுங்கள், அங்கே 0-வது படியின் வரிசை சுத்தமாக இருக்கும். 541.2 நானோமீட்டர் பட்டை மேல் கிண்ணத்தின் 27-வது படி. அதை நங்கூரமாகப் போட்டுக்கொண்டு இரு பக்கமும் எண்ணுங்கள்.

கட்டம் 7: இறங்கும் அம்பு

ஏறியதும் மூலக்கூறு ஆடுகிறது என்றோம். கரைசலில் இருந்தால் சுற்றியிருக்கும் மூலக்கூறுகள் மேல் மோதி, பிக்கோவினாடிகளில் ஆட்டம் அடங்கி மேல் கிண்ணத்தின் அடிக்கு வந்துவிடும். ஒளியாக இறங்குவதற்கோ நானோவினாடிகள் ஆகும், ஆயிரம் மடங்கு நிதானம். ஆகவே இறங்கும் அம்பை மேல் கிண்ணத்தின் அடியிலிருந்து போடுங்கள், இதுவும் நேராகத்தான். அது கீழ்க் கிண்ணத்தின் வலப்பக்கச் சுவரில் போய் மோதும். ஏறும் அம்பைவிட இது குட்டை. ஏறும்போது ஒரு முறை, இறங்கிய பிறகு ஒரு முறை என்று இரண்டு தடவை ஆற்றல் வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. ஸ்டோக்ஸ் 1852-இல் குவினைன் கரைசலில் கண்டது இந்த இடைவெளியைத்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் கல்லாவில் நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு இருக்கும். ரூபாய் நோட்டின் எண்களும் உள்ளே இருக்கும் இழைகளும் அதில் ஒளிரும், பக்கத்தில் இருக்கும் சலவை செய்த வெள்ளைச் சட்டையும் நீலமாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாததை வாங்கிக் கண்ணுக்குத் தெரிவதைத் தருகிறது, குட்டை அம்பு.

இரண்டு கிண்ணங்களின் வடிவமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உமிழ்வு நிறமாலை உறிஞ்சல் நிறமாலையின் கண்ணாடிப் பிம்பமாக வரும், 0-0 கோடு நடுவில் கண்ணாடி. ஆந்த்ரசீன் இதற்கு நல்ல உதாரணம். குறைந்த அழுத்தத்தில் அயோடின் ஆவியில் இது நடக்காது, மோதி அடக்க ஆள் இல்லை, ஏறிய படியிலிருந்தே இறங்கும்.

கட்டம் 8: எங்கே பொருந்தாது

தாவலின் பலம் அணுக்கள் நகர்ந்தாலும் மாறாது என்று காண்டன் வைத்துக்கொண்டார். பென்சீனின் 260 நானோமீட்டர் பக்கத்துப் பட்டையில் அது சரிவராது. சமச்சீர் காரணமாக அங்கே 0-0 தடைபட்டது, ஆறுகோண வடிவத்தைக் கோணலாக்கும் ஓர் அதிர்வு கூடச் சேர்ந்தால்தான் தாவல் நடக்கிறது. ஹெர்ஸ்பெர்க்கும் டெல்லரும் 1933-இல் இதை விளக்கினார்கள். இன்னொன்று, இரண்டு கிண்ணங்கள் ஒன்றையொன்று தொடும் இடம். அங்கே எலக்ட்ரானையும் அணுக்கருவையும் பிரித்துக் கணக்குப் போடுவதே முடியாமல் போகும். நம் விழித்திரையில் ரெட்டினால் என்ற மூலக்கூறு ஒளி பட்டதும் அந்த வழியாகத்தான் சுமார் 200 ஃபெம்டோவினாடியில் வடிவம் மாறுகிறது. ஆனால் அங்கேயும் முதல் அடி, அந்த ஏறும் அம்பு, நேராகத்தான் போகிறது.

ஒரு பயிற்சி

நைட்ரிக் ஆக்சைடிலிருந்து ஓர் எலக்ட்ரான் போனால் பிணைப்பு 1.151-இலிருந்து 1.063 ஆங்ஸ்ட்ராமாகக் குறுகும், போனது பிணைப்பை எதிர்க்கும் எலக்ட்ரான். குறைத்த நிறை 7.47, அதிர்வு எண் 1904. இந்த முறை மேல் கிண்ணத்தை இடப்பக்கம் தள்ளி வரையுங்கள், அம்பு மோதுவது வலப்பக்கச் சுவரில். எஸ் 1.6 வர வேண்டும், கோடுகளில் 1-வது படிக்கு உரியதுதான் உயரமாக நிற்க வேண்டும். எஸ் 18-ஐத் தாண்டி வந்தால், தள்ளலை வர்க்கமாக்கினீர்களா என்று திரும்பிப் பாருங்கள்.